தலைவலியும் தாமதமும்

சிறுவர்க்கு வரும் மூளைக்கட்டி அரியதொரு நோய். ஐக்கிய இராச்சியம் முழுவதிலும் ஆண்டுக்கு ஏறக்குறைய 500 பிள்ளைகளிடத்தே அது கண்டறியப்படுகின்றது. அரியதாகலின் எவரும் அதனை முதலில் நினையார். நினையாமையாற் காலங் கழியும். அந்நாட்டில், முதற் குறி தோன்றிய நாள் தொட்டு நோய் இன்னதெனத் துணியும் நாள் வரை கழிந்த காலத்தின் இடையம் முன்னர் 14.4 கிழமையாயிருந்தது. பாதிப் பிள்ளைகள் அதனினும் நெடிது காத்திருந்தனர் என்பதே இதன் பொருள்.

இத்தாமதம் நேருவது எவ்வாறு? மண்டையோடு விரிந்து கொடாத பெட்டகம். உள்ளே கட்டி வளர்ந்து மூளைநீரின் வழியை அடைக்குமாயின் அமுக்கம் ஏறும். இரவிற் படுத்திருக்கையில் அது மேலும் கூடும். ஆதலாற் பிள்ளை விடியற்காலையில் தலைவலியோடு எழுந்து வாந்தியெடுக்கும். சற்றுச் சென்றபின் தெளிந்துவிடுதலும் உண்டு. வீட்டார் வயிற்றுக் கோளாறென்பர். பள்ளிக்குக் கள்ளமென்பாரும் உளர். எம் தொழிலாரிடையே இவர் தொகை சிறிதன்று.

2011ஆம் ஆண்டில், நொற்றிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளரும் குழந்தை மருத்துவர் கல்லூரியும் ஓர் அறநிலையமும் கூடி, ‘ஹெட்ஸ்மார்ட்’ என்னும் இயக்கத்தைத் தொடங்கினர். அவர்தம் கருவி பெரிதொன்றுமன்று. சட்டைப்பையில் அடங்கும் சிற்றட்டை. ஐந்து வயதிற்குட்பட்டோர், பதினொரு வயது வரையினர், பதின்ம வயதினர் என முத்திறத்தார்க்கும் உரிய குறிகள் அதில் எழுதப்பட்டன: விடாத வாந்தி, மீண்டும் மீண்டும் வரும் தலைவலி, நடையில் தள்ளாட்டம், கண் பிறழ்தல், பார்வை இரட்டித்தல், தலையை ஒருபுறம் சாய்த்தல், வலிப்பு, குணமாற்றம். சிறு குழந்தைக்குத் தலை அளவுக்கு மீறிப் பெருத்தலும், வளர்ந்தோர்க்குப் பூப்பு எய்தல் பிந்துதலும் குறிகளாம்.

இஃது பெற்றோரை வீணே அச்சுறுத்துமன்றோ எனின், தலைவலி வந்த பிள்ளைகளுள் மிகப் பெரும்பாலோர்க்குக் கட்டியில்லை என்பது மெய்யே. விடாது நிற்றலும், ஒன்றோடொன்று கூடுதலுமே நோக்கற்பாலன. ஒரு குறி நீங்காதிருப்பின் மருத்துவரைக் காண்க. இரண்டு கூடின் விரைந்து காண்க என்பதே அவ்வட்டை சொன்ன நெறி. இயக்கந் தொடங்கியபின் அந்த இடையம் 6.7 கிழமையாகக் குறைந்தது.

விரைந்து கண்டார் எல்லாரும் பிழைப்பர் என்று யாம் கூறோம். கட்டியின் இயல்பும் இடமும் அதனைத் தீர்மானிப்பன. எனினும், ஏறிய அமுக்கம் கண்ணரம்பை நெடிது வருத்துமாயின், இழந்த பார்வை சிகிச்சைக்குப் பின்னும் மீளாதொழியலாம். நேர்கோட்டில் எழுதிய மாணவன் கையெழுத்துச் சிதைவதையும், கரும்பலகையைத் தலை சாய்த்து நோக்குவதையும் தாயினும் முன்னர்க் காணத்தக்கவர் வகுப்பாசிரியரே. கண்டவர் அன்று மாலையே பெற்றோர்க்குச் சொல்லியனுப்புக.