டேப்லெட்டுக்குக் காது கேட்குமா?

‘கிள்ளான்’ என்று மெதுவாக ஒரு முறை சொல்லிப் பாருங்கள். சொல்லும்போது நாக்கு என்ன செய்கிறது என்று கவனியுங்கள். முதலில் நாக்கின் பின்பகுதி எழுந்து அண்ணத்தின் பின்பக்கத்தை அடைக்கிறது. அடைப்பு திறந்ததும் ‘கி’ பிறக்கிறது. அடுத்து நுனி வளைந்து மேலே தொடுகிறது. காற்று நாக்கின் இரண்டு ஓரங்களிலும் வழிந்து ‘ள்’ ஆகிறது. கடைசியில் வாய்வழி அடைபட, காற்று மூக்கு வழியாகப் போய் ‘ன்’ ஒலிக்கிறது. சாதாரணப் பேச்சில் இவ்வளவும் ஏறக்குறைய அரை விநாடியில் முடிந்துவிடும். எலும்பே இல்லாத ஓர் உறுப்புக்கு இது பெரிய வித்தைதான்.

சில சிறு பிள்ளைகள் இதே சொல்லைத் ‘தில்லான்’ என்பார்கள். நாக்கின் பின்பகுதி எழ வேண்டிய இடத்தில் நுனி எழுந்துவிடுவதால் ‘க’ ‘த’வாக மாறுகிறது. கடை, தடை ஆகும். காய், தாய் ஆகும். ‘அக்கா’ என்று கூப்பிட்டால் ‘அத்தா’ என்று வரும். தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் அது அப்பாவைக் கூப்பிடும் சொல்!

இரண்டு, மூன்று வயதில் இது மழலை. வீட்டில் எல்லாரும் ரசிப்பார்கள். ஆனால் அந்தப் பிள்ளை ஏழு வயதில் முதலாம் ஆண்டு வகுப்பில் உட்கார்ந்தும் அப்படியே பேசினால் நிலைமை வேறு. சொல்வது ஆசிரியருக்குப் புரியாது. பக்கத்து இருக்கைப் பையன் அதேபோல் பேசிக் காட்டுவான். பிள்ளை கையைத் தூக்குவதையே நிறுத்திவிடும். வாயில் வருவதைப் போலவே எழுதினால், ‘கடை’ என்ற சொல் எழுத்திலும் ‘தடை’ ஆகிவிடக்கூடும்.

எந்த வயது வரை காத்திருக்கலாம்? ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஷேரின் மெக்லாய்ட், கேத்ரின் குரோ இருவரும் 27 மொழிகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியிட்டார்கள். அந்த ஆய்வுகளில் இடம்பெற்ற பிள்ளைகள் 26,000-க்கும் அதிகம். எந்த மொழியாக இருந்தாலும், ஐந்து வயதுக்குள் பெரும்பாலான மெய்யொலிகள் பிள்ளைகளுக்கு வந்துவிடுகின்றன என்பது அவர்கள் கண்ட முடிவு. ஆகவே, “அவன் அப்பாவும் சின்ன வயதில் இப்படித்தான் பேசினார், தானாகச் சரியாகிவிடும்” என்று பாட்டி சொல்வதை ஆறு, ஏழு வயதுக்குப் பிறகும் நம்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

இதைச் சரிசெய்யப் பேச்சுச் சிகிச்சை இருக்கிறது. நம் நாட்டில் இது இளைய துறை. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் (யூ.கே.எம்.) தன் கோலாலம்பூர் வளாகத்தில் பேச்சு அறிவியல் பட்டப்படிப்பைத் தொடங்கியது 1995-இல்தான். உங்களில் பலருடைய பெற்றோர் அப்போது பள்ளிச் சீருடையில் இருந்திருப்பார்கள்.

ஒலிப்புப் பயிற்சியின் அடிப்படை வரிசை அதைவிடப் பழையது. அமெரிக்கரான சார்ல்ஸ் வான் ரைப்பர் 1939-இல் எழுதிய நூல் அதற்கு வழி போட்டது. அவரே திக்குவாயால் துன்பப்பட்டவர். முதலில் பிள்ளையின் காதுக்குப் பயிற்சி: சரியான ஒலியையும் தவறான ஒலியையும் பிரித்துக் கேட்கத் தெரிய வேண்டும். பிறகு ஒலியைத் தனியாக வரவழைப்பது. ‘க’ வராத பிள்ளையின் நாக்கு நுனியைக் குச்சியால் மெல்ல அழுத்திப் பிடித்துக்கொண்டு சொல்லச் சொல்வார்கள். நுனிக்கு வழியில்லாதபோது பின்பகுதி எழுந்துதான் ஆக வேண்டும். சில பிள்ளைகளுக்குத் தொண்டையில் தண்ணீர் வைத்துக் கொப்பளிப்பதுபோல் செய்யச் சொன்னாலே அந்த இடம் பிடிபட்டுவிடும். அதன்பின் அசை, சொல், வாக்கியம், கடைசியாக நண்பனோடு பேசும் சாதாரணப் பேச்சு.

நடுவில் வரும் ‘சொல்’, ‘வாக்கியம்’ என்ற கட்டங்கள்தான் சலிப்பூட்டுபவை. பூப்பந்து ஆட்டத்தில் ஒரே அடியை எத்தனை முறை அடித்துப் பழகுகிறோம்! நாக்கும் தசைதான். நூற்றுக்கணக்கான முறை சொன்னால்தான் புதிய அசைவு பழக்கமாகும். ஆறு வயதுப் பிள்ளையை ‘காய், காய், காய்’ என்று உட்காரவைத்துச் சொல்லவைப்பது லேசான காரியமா?

இந்த இடத்தில்தான் டேப்லெட் உதவிக்கு வந்தது. 2010-இல் ஐபேட் விற்பனைக்கு வந்த பிறகு, சிகிச்சையாளர்கள் பெட்டி பெட்டியாக வைத்திருந்த பட அட்டைகள் செயலிகளாக மாறின. ‘ஆர்ட்டிகுலேஷன் ஸ்டேஷன்’ என்ற அமெரிக்கச் செயலியை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஒலியைத் தேர்ந்தெடுத்தால், அது சொல்லின் முதலில், நடுவில், இறுதியில் வரும் படங்கள் வரிசையாக வரும். பிள்ளை சொல்வதைப் பதிவு செய்து உடனே திரும்பக் கேட்கலாம். முன்பக்கக் கேமராவைத் திறந்தால் டேப்லெட்டே கண்ணாடி. வாய் எப்படித் திறக்கிறது என்று பிள்ளை பார்த்துக்கொள்ளலாம். படம் நகர்ந்து மணி அடித்தால் இன்னும் பத்து முறை சொல்லப் பிள்ளைக்கு அலுப்புத் தெரியாது. மறுபடி மறுபடி சொல்லவைக்கும் வேலைக்கு இதைவிடப் பொறுமையான உதவியாள் கிடைப்பது கஷ்டம்.

“அப்படியானால் சிகிச்சையாளர் எதற்கு? சரியா, தவறா என்று டேப்லெட்டே சொல்லிவிடாதா?” என்று நீங்கள் கேட்கலாம். ஒரு சோதனை செய்யுங்கள். கைப்பேசியில் தமிழ்க் குரல் தட்டச்சைத் திறந்து, “நான் தடைக்குப் போய் வாளைப்பளம் வாங்கினேன்” என்று வேண்டுமென்றே தவறாகச் சொல்லுங்கள். திரையில் என்ன வருகிறது என்று பாருங்கள். ‘கடைக்கு’, ‘வாழைப்பழம்’ என்று அது திருத்தி எழுதினால் ஆச்சரியப்படாதீர்கள்.

குரல் உணரும் மென்பொருள் காதில் விழுவதை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. எந்தச் சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்பதையும் கணக்கிடுகிறது. ‘போய் வாங்கினேன்’ என்ற இடத்தில் ‘தடை’க்கு வாய்ப்புக் குறைவு, ‘கடை’க்கு அதிகம். நம் தவறை மன்னித்து, நாம் சொல்ல நினைத்ததை எழுதுவதற்காகவே அதை உருவாக்கியிருக்கிறார்கள். கடிதம் தட்டச்சு செய்ய அது வரம். ஆனால் சிகிச்சைக்கு மன்னிக்காத காது வேண்டும். ‘த’வுக்கும் ‘க’வுக்கும் இடையில் புதிதாக ஒரு ஒலி அரும்பினால் அதையும் பிடிக்கிற காது வேண்டும்.

இன்னொரு சிக்கல் இயற்பியல் சார்ந்தது. ரெசோனன்ஸ் பற்றிப் பாடத்தில் படித்திருப்பீர்கள், தமிழில் ஒத்ததிர்வு. குரல்நாண் முதல் உதடு வரை உள்ள வழியை ஒரு முனை மூடிய குழாய் என்று கொள்ளலாம். வளர்ந்த ஆணுக்கு அதன் நீளம் சுமார் 17 செ.மீ. ஒலியின் வேகம் விநாடிக்கு 340 மீட்டர் என்று வைத்து, 340-ஐ 4 × 0.17-ஆல் வகுத்தால் 500 ஹெர்ட்ஸ் கிடைக்கும். இப்படிப்பட்ட குழாயில் ஒற்றை மடங்குகள் மட்டுமே ஒத்ததிரும்; ஆகவே அடுத்தவை 1500, 2500. சிறு பிள்ளையின் குழாய் 12 செ.மீ. என்று வைத்துக் கணக்கிட்டால் ஏறக்குறைய 700, 2100, 3500 ஹெர்ட்ஸ். பெரியவர்களின் குரலைக் கேட்டுப் பழகிய மென்பொருளுக்குப் பிள்ளையின் குரல் எவ்வளவு அந்நியமாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வளர வளரக் குழாயும் நீள்கிறது என்பது அதற்கு இன்னொரு தலைவலி.

இந்த எண்களையே பயிற்சிக்குப் பயன்படுத்தியவர்களும் உண்டு. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் டாரா மெக்அலிஸ்டர் குழுவினர் ‘ஸ்டார்ட்’ என்ற செயலியை உருவாக்கினார்கள். ஆங்கில ‘ஆர்’ ஒலி வராதவர்களுக்கானது அது. அந்த ஒலியைச் சரியாகச் சொன்னால் மூன்றாவது ஒத்ததிர்வு வழக்கமான இடத்திலிருந்து மிகவும் கீழே இறங்கி இரண்டாவதை நெருங்கும். செயலியில் குரல் கடலலைபோல் எழும். அலையின் முகட்டைக் குறித்த இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். கண்ணுக்குத் தெரியாத நாக்கு திரையில் தெரிவதுபோல ஆகிவிடுகிறது. எனக்குப் பிடித்த செயலி இதுதான். நீதிபதியாக உட்காராமல், நடப்பதைக் காட்டுகிறது.

நம் ழகரத்துக்கும் மூன்றாவது ஒத்ததிர்வு கீழே இறங்கும். அமெரிக்காவில் ஸ்ரீகாந்த் நாராயணன், டானி பேர்ட், அபிகேல் கான் மூவரும் தமிழின் ர, ற, ல, ள, ழ ஆகிய ஐந்து ஒலிகளை எம்.ஆர்.ஐ. படங்களின் துணையோடு ஆராய்ந்து 1999-இல் கட்டுரை வெளியிட்டார்கள். இவ்வகை ஒலிகள் ஐந்து தனித்தனியாக நிற்பது உலக மொழிகளில் அபூர்வம். தொல்காப்பியரிடம் எம்.ஆர்.ஐ. கிடையாது. ஆனாலும் பிறப்பியலில் ரகரத்தையும் ழகரத்தையும் ஒரே இடத்தில் வைத்து, நாக்கு நுனி உயர்ந்து அண்ணத்தைத் தடவுவதால் பிறப்பவை என்று சொல்லிவிட்டார்.

இவ்வளவு இருந்தும், கடையில் கிடைக்கும் ஒலிப்புச் செயலிகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்துக்காகச் செய்யப்பட்டவை. பிரிக்ஃபீல்ட்ஸிலோ கிள்ளானிலோ வளரும் பிள்ளை ஒரே நாளில் மூன்று மொழி கேட்கிறது. ‘ரொட்டி சானாய்’ கேட்கும்போது ‘ர’வுக்கு நாக்கு நுனி படபடவென்று தட்ட வேண்டும். ஆங்கிலச் செயலியில் வரும் முயல் படத்துக்கு ‘ராபிட்’ என்று சொல்லும்போது நாக்கு எதையும் தட்டுவதில்லை. எழுத்து ஒன்றாகத் தெரிந்தாலும் நாக்கின் வேலை வேறு. ஆங்கிலச் சொற்பட்டியலை மொழிபெயர்த்தும் பயனில்லை. தமிழில் ‘காய்’, ‘அக்கா’, ‘பகல்’ மூன்றிலும் எழுத்து ‘க’தான், ஆனால் ‘பகல்’ என்பதில் ஒலி இளகிவிடுகிறது. ‘க’ வராத பிள்ளைக்கு ‘பகல்’ முதல் சொல்லாக வந்தால் பயிற்சியே குழம்பிவிடும்.

செயலிக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு: பிள்ளை வளரும் வீடு. அப்பா, அம்மா, பாட்டி எல்லாரும் ‘வாளப்பளம்’ என்று பேசும் வீட்டில் பிள்ளையும் அப்படியே பேசினால், அது வழக்கு; குறைபாடு இல்லை. தமிழாசிரியர் திருத்தலாம், சிகிச்சை தேவையில்லை. மாறாக, வீட்டில் எல்லாரும் ‘கடை’ என்று சொல்ல, பிள்ளை மட்டும் ‘தடை’ என்றால் கவனிக்க வேண்டும். அப்போதும் முதலில் செய்ய வேண்டியது செவித்திறன் சோதனை. சரியாகக் கேட்காத ஒலியை எந்தச் செயலியாலும் வரவழைக்க முடியாது. பக்கத்திலுள்ள அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் மருத்துவரைப் பார்த்தால் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார். பேச்சுச் சிகிச்சை, 2016-ஆம் ஆண்டின் சட்டம் 774-இல் பட்டியலிடப்பட்ட தொழில். ஆகவே தனியாரிடம் போவதானால் அவர் பதிவு பெற்றவரா என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

சிகிச்சையாளர் வாரத்தில் ஒரு மணி நேரம் பார்ப்பார். மற்ற நாள்களில் பயிற்சி வீட்டில்தான். தம்பிக்கோ தங்கைக்கோ இந்தச் சிக்கல் இருந்தால், அவர் சொல்லும் ஒலிக்கு ஏற்ற படத்தொகுப்பை நீங்களே டேப்லெட்டில் தயாரிக்கலாம். ஓர் ஒலி மாறினால் பொருளும் மாறும் ஜோடிச் சொற்களாகத் தேர்ந்தெடுங்கள்: காய், தாய், கட்டு, தட்டு, கண்ணீர், தண்ணீர். முருங்கைக்காயையும் அம்மாவையும், கீரைக்கட்டையும் சாப்பாட்டுத் தட்டையும் படம் எடுங்கள். தம்பி சொல்ல வேண்டும், நீங்கள் காதில் விழுந்த படத்தை மட்டும் தொட வேண்டும். அவன் ‘காய்’ என்று நினைத்துத் ‘தாய்’ என்று சொன்னால் அம்மா படத்தைத் தொடுங்கள். “அது இல்லை!” என்று அவன் கத்துவான். கத்திவிட்டு, நாக்கை வேறு மாதிரி வைத்துப் பார்ப்பான். திட்டவோ திருத்தவோ தேவையில்லை. பத்து நிமிடம் போதும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் திரை நேரம் நாளுக்கு ஒரு மணிக்கு மேல் போகக்கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னதையும் மனத்தில் வையுங்கள்.

வாரம் ஒரு முறை அதே பத்துச் சொற்களைப் பதிவு செய்து தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை சிகிச்சையாளரிடம் போகும்போது டேப்லெட்டை எடுத்துச் சென்று முதல் வாரப் பதிவையும் கடைசி வாரப் பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்கள். வீட்டில் நாள்தோறும் கேட்டுக்கொண்டிருப்பதால் உங்களுக்குப் பிடிபடாத மாற்றம் அவருடைய காதில் படலாம். அடுத்து எந்தச் சொற்கள் என்பதை அவர் அதிலிருந்து முடிவு செய்வார்.