மலையேறினால் சுருதி இறங்கும்

பழநியில் சித்திரை மாதத்து நண்பகலில் ஒரு புல்லாங்குழலை வாசித்துச் சுருதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே குழலை மார்கழி இரவில் கொடைக்கானலில் எடுத்து ஊதுங்கள். சுருதி இறங்கியிருக்கும். குழல் அதேதான், துளைகள் அவையேதான், ஊதுபவரும் அவரேதான். சுமார் 65 கிலோமீட்டர் மலைப்பாதை ஏறியதில் மாறியது காற்று.

மலைமேல் காற்று லேசாகிவிடுவதால் இப்படி ஆகிறது என்றுதான் முதலில் தோன்றும். கொடைக்கானல் இருக்கும் 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு என்பதும் உண்மை. ஆனால் அழுத்தம் குறையும்போது காற்றின் அடர்த்தியும் கூடவே குறைகிறது. ஒலியின் வேகத்தைப் பொறுத்தவரை இந்த இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். மிஞ்சுவது வெப்பநிலை. 35 டிகிரியில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 352 மீட்டர் போகிறது, 8 டிகிரியில் 336 மீட்டர்தான். குழலுக்குள் அதிரும் காற்றுத்தூணின் நீளத்தைத் திறந்திருக்கும் துளை முடிவு செய்கிறது. நீளம் மாறாமல் வேகம் மட்டும் குறைந்தால் நொடிக்கு எத்தனை அதிர்வு என்பதும் அதே அளவு குறையும். இங்கே குறைவது நூற்றுக்கு நாலரைப் பங்கு. அடுத்தடுத்த இரண்டு ஸ்வரஸ்தானங்களுக்கு இடையிலான தூரமே ஆறு பங்குதான் என்பதால், முக்கால் ஸ்தானம் இறக்கம். மேடையேறும் முன் வித்வான் குழலைக் கொஞ்ச நேரம் ஊதிக்கொண்டிருப்பது இதற்காகவும்தான். மூச்சின் சூடு உள்ளே ஏறி இறக்கத்தில் ஒரு பகுதியை மீட்டுத் தரும்.

அந்தக் குளிர் மேடையில் மற்ற வாத்தியங்கள் வேறு திசைகளில் போகும். வீணையின் உலோகத் தந்தி குளிரில் சுருங்கி இறுகும், சுருதி ஏறப் பார்க்கும். மிருதங்கத்தின் தோல் மூடுபனியின் ஈரத்தை உறிஞ்சித் தளரும், நாதம் தாழும். தந்தியை முறுக்காணி திருப்பிச் சரிசெய்யலாம், தோலைத் தட்டிச் சேர்க்கலாம். குழலில் திருப்ப எதுவும் இல்லை. உதட்டின் கோணம், மூச்சின் வேகம், விரல் துளையை மூடும் அளவு, இவை மூன்றைக் கொண்டுதான் குழலிசைக்காரர் சுருதியைப் பிடிக்க வேண்டும். மூன்றுமே கண்ணுக்கு எட்டாதவை. பக்கவாட்டில் நீட்டிப் பிடித்த குழலில் தன் விரல் எவ்வளவு துளையை மூடியிருக்கிறது என்று எந்த வித்வானும் பார்த்துக்கொண்டு வாசிப்பதில்லை.

கர்நாடக சங்கீதத்தில் குழலைத் தனிக் கச்சேரி வாத்தியமாக நிலைநிறுத்தியவர் கண் பார்வை இல்லாதவர் என்பதை இந்த வெளிச்சத்தில்தான் நான் புரிந்துகொள்கிறேன். கும்பகோணம் சரப சாஸ்திரி, 1872-இல் பிறந்தவர். குழந்தைப் பருவத்திலேயே பார்வை போய்விட்டது. குழல் நம் நாட்டில் மிகப் பழைய வாத்தியம், கண்ணன் கையில் இருப்பது, சங்க இலக்கியத்து ஆயர்கள் ஊதியது. ஆனால் ராக ஆலாபனையும் கீர்த்தனையும் கமகத்தோடு முழுமையாக வாசிக்கும் மேடை வாத்தியமாக அது அமைந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், இவர் கையில். மூங்கிலும் துளையும் விரலும் எப்படிக் கூடினால் எந்த நாதம் பிறக்கும் என்று தேடித்தேடி ஒரு வாசிப்பு முறையையே வகுத்துவிட்டு, 1904-இல், 32 வயதில் மறைந்தார்.

இப்படிப்பட்டவர்களைப் பற்றிப் பேசும்போது ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: கண்ணை எடுத்துக்கொண்ட கடவுள் காதைக் கூர்மையாக்கிக் கொடுத்தார். அன்போடு சொல்லப்படுவதுதான். ஆனால் ஒரு மனிதரின் உழைப்பு முழுவதையும் அது அழித்துவிடுகிறது என்பது என் வருத்தம். உண்மையில் என்ன நடக்கிறது என்று கடந்த முப்பது ஆண்டுகளில் நரம்பியலாளர்கள் கண்டது அந்த வாக்கியத்தைவிட எவ்வளவோ வியப்பானது.

விரலிலிருந்து தொடங்குவோம். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் கோல்ட்ரைக் என்பவரின் குழு பார்வையற்றவர்களின் தொடுவுணர்வை நுணுக்கமாக அளந்திருக்கிறது. மில்லிமீட்டர் கணக்கில் செதுக்கிய வரிப்பள்ளங்களை விரல்நுனியில் அழுத்தி, வரிகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று கேட்பது சோதனை. சராசரியாகப் பார்வையற்ற ஒருவரின் விரல், அவரைவிட 23 வயது இளையவரான பார்வையுள்ள ஒருவரின் விரலுக்குச் சமமாகக் கூர்மையாக இருந்தது. இதே சோதனையைப் பிறகு உதட்டிலும் செய்தார்கள். உதட்டில் இரு சாராருக்கும் வித்தியாசம் இல்லை! பார்வை இழப்பே உடல் முழுவதற்கும் ஒரு நுண்ணுணர்வைக் கொடுத்துவிடுமானால் உதட்டுக்கும் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. நாளெல்லாம் உலகைத் தொட்டுத் தெரிந்துகொள்ளும் விரல் தேறியது, அந்த வேலை இல்லாத உதடு தேறவில்லை. பிரெயில் படிப்பவர்களிடம், படிக்கப் பயன்படுத்தும் விரல் மேலும் கூர்மையாக இருந்தது. ஆக, சரப சாஸ்திரியின் விரல் கூர்மைக்கு விளக்கம் தேடினால் அவர் வாழ்ந்த விதத்தில் தேட வேண்டும். உதட்டின் நயத்துக்கோ சாதகத்தைத் தவிர வேறு விளக்கமே இல்லை.

காதின் கதை இன்னும் சுவையானது. மாண்ட்ரியல் ஆய்வாளர்கள் 2004-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். அடுத்தடுத்து இரண்டு ஒலிகள். இரண்டாவது முதலாவதைவிட ஏறியதா, இறங்கியதா? சிறு வயதிலேயே பார்வை இழந்தவர்கள் இதில் மற்றவர்களை எளிதாக மிஞ்சினார்கள். பார்வையுள்ளவர்களுக்குப் பிடிபடும் வேகத்தைவிடப் பத்து மடங்கு விரைவாக ஒலி மாறினாலும் அவர்களுக்குத் திசை தெரிந்தது. வளர்ந்தபின் பார்வை இழந்தவர்களுக்கு இந்தத் திறன் வாய்க்கவில்லை. நம் இசையை அறிந்தவர்களுக்கு இதன் அருமை உடனே புரியும். ஏறுவதும் இறங்குவதும் அசைவதும் வழுக்குவதும்தானே கமகம்? தோடியின் காந்தாரத்தைத் தோடியாக்குவது அது நிற்கும் இடத்தைவிட அது ஆடும் விதம்தான்.

அதே ஆண்டில் வந்த இன்னொரு ஆய்வு, சிறு வயதிலேயே பார்வை இழந்த 21 இசைக்கலைஞர்களைச் சோதித்தது. எந்த ஒப்பீட்டு ஒலியும் இல்லாமல், காதில் விழுந்த ஸ்வரம் இன்னது என்று சொல்லும் ஆற்றல் அவர்களில் 57 விழுக்காட்டினருக்கு இருந்தது. பொதுமக்களில் இது மிக மிக அரிது. ஆதார ஷட்ஜத்தை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளும் நம் சங்கீதத்துக்கு இந்த ஆற்றல் தேவையில்லை. ஆனால் அது வாய்த்த ஒருவரைக் குழலோடு பழநியிலிருந்து கொடைக்கானலுக்கு அழைத்துப்போனால், முதல் மூச்சிலேயே குளிரின் அளவைச் சொல்லிவிடுவார்.

பார்வையற்றவரின் காதும் விரலும் நம்முடையவற்றைப் போன்றவையே. மாற்றம் பின்மண்டையில், பார்வைக்கென்று அமைந்த மூளைப்பகுதியில் நிகழ்கிறது. கண்ணிலிருந்து செய்தி வராததால் அந்தப் பகுதி சும்மா கிடக்கும் என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 1996-இல், பார்வையற்றவர்கள் பிரெயில் படிக்கும்போது அந்தப் பகுதி முனைப்பாக வேலை செய்வது படமாகவே தெரிந்தது. அடுத்த ஆண்டு, காந்தத் துடிப்பால் அந்தப் பகுதியைச் சில கணங்கள் குழப்பினார்கள். படித்துக்கொண்டிருந்தவர்களுக்குப் புள்ளிகள் தடுமாறின. அது வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கவில்லை, படிக்கும் வேலையில் பங்கெடுத்திருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. பிறகு பார்வையுள்ளவர்களின் கண்களை ஐந்து நாள் இறுகக் கட்டிவைத்துப் பார்த்தபோது, அவர்களுக்கும் அந்தப் பகுதி தொடுதலுக்குப் பதில் சொல்லத் தொடங்கியிருந்தது. கட்டை அவிழ்த்து ஒரு நாள் கழிந்ததும் நின்றுவிட்டது. ஐந்து நாளில் புதிய நரம்புப் பாதை முளைத்திருக்க முடியாது. பாதை எல்லோர் மூளையிலும் முன்பே இருக்கிறது. பார்வையின் போக்குவரத்து நெரிசலில் அதை நாம் கேட்பதில்லை, அவ்வளவே.

கொடைக்கானலில் பார்வையுள்ளவர்களும் காதை நம்பியாக வேண்டிய நேரங்கள் உண்டு. தூண் பாறைக்கு முன் நின்றுகொண்டிருக்கும்போதே மேகம் ஏறிவந்து பாறை முழுவதையும் மறைத்துவிடும். மேகத்தின் நீர்த்துளிகள் ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கை ஒட்டிய அளவினவை, ஆனாலும் ஒளியைச் சிதறடிக்க அது போதும். பேச்சொலியின் அலைநீளமோ சாண் கணக்கிலும் முழக் கணக்கிலும் இருப்பது. அந்தத் துளிகள் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அதனால் பத்தடி தள்ளி நிற்பவரின் முகம் தெரியாத மேகத்திலும் அவர் குரல் குறையாமல் வந்து சேரும். சோலைக்காடுகளில் வாழும் சோலைக்கிளி என்ற நீல நிறச் சிறு பறவையை மரநெருக்கத்தில் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம். பாட்டைக் கேட்டுத்தான் இடத்தை அறிய முடியும். பள்ளத்தாக்குகளால் பிரிந்து தனித்தனி மலைமுடிகளில் வாழும் இவற்றின் கூட்டங்களுக்குள் பாட்டே வேறுபடுகிறது என்று மேற்குத் தொடர்ச்சி மலையில் நடந்த ஆய்வு காட்டியிருக்கிறது.

டால்ஃபின் மூக்குப் பாறைக்கு அருகே எதிரொலிக்கும் இடத்தில் கூவி மகிழாத சுற்றுலாப் பயணி இல்லை. அங்கே நமக்கு எதிரொலி தனியாகக் கேட்பதற்கு எதிர்ச்சுவர் குறைந்தது 17 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். அதைவிட அருகில் என்றால் கூவலோடு கலந்துவிடும். ஆனால் நாக்கைச் சொடுக்கி, அந்தச் சிறு ஒலி திரும்பிவரும் விதத்திலிருந்து ஓரிரு அடி தூரத்தில் இருக்கும் கம்பத்தையும் கதவையும் அறிந்து நடப்பவர்கள் பார்வையற்றவர்களில் உண்டு. அமெரிக்காவின் டேனியல் கிஷ் மிதிவண்டியே ஓட்டுகிறார். அப்படிப்பட்டவர்கள் எதிரொலியைக் கேட்கும்போது படம் பிடித்துப் பார்த்தால் வேலை செய்வது, மீண்டும், அதே பின்மண்டைப் பகுதி. 2011-இல் வெளிவந்த முடிவு இது.

இந்த மலையடிவாரத்துக்கே உரிய பாவலர் ஒருவரைச் சொல்லாமல் இதை முடிக்க எனக்கு மனம் இல்லை. மாம்பழக் கவிச்சிங்க நாவலர், 1836-இல் பழநியில் பிறந்தவர். மூன்று வயதில் அம்மை நோய் பார்வையைக் கொண்டுபோனது. பெரியம்மை அந்தக் காலத்தில் எத்தனையோ குழந்தைகளின் கருவிழியைத் தழும்பாக்கிக் குருடாக்கியது. இந்தியாவில் அது ஒழிந்தது 1975-இல்தான். ஏடு எல்லாம் அவருக்குக் காது வழியாகத்தான் வந்திருக்க முடியும். அப்படிக் கற்று, இராமநாதபுரம் பொன்னுசாமித் தேவரின் ஆதரவைப் பெறும் அளவுக்குப் புலவராகி, 1884 வரை வாழ்ந்தார். பழநி முருகன்மேல் அந்தாதியும் பதிகமும் பாடினார்.

அந்தாதியை நினைவின் கருவியாகப் பாருங்கள். ஒரு பாட்டு எந்தச் சொல்லில் முடிகிறதோ அதிலேயே அடுத்த பாட்டு தொடங்கும். நூறு பாட்டையும் தனித்தனியாக நினைவு வைக்க வேண்டியதில்லை, ஒன்றின் வால் அடுத்ததன் தலையை இழுத்துக்கொண்டு வரும். ஒரு பாட்டு விடுபட்டால் சங்கிலி அறுந்து, பிழை தானே தெரிந்துவிடும். எதுகை ஒவ்வோர் அடியின் தொடக்கத்தையும் நினைவூட்டும், மோனை சீரைப் பிடித்துத் தரும். எழுத்தைப் பார்க்காமலே நூறு செய்யுளைக் கட்டி, திருத்தி, ஒப்பிக்க இதைவிட நல்ல அமைப்பு கிடையாது. பிறவியிலேயே பார்வை இல்லாதவர்களின் சொல் நினைவை 2003-இல் சோதித்தபோது, அவர்கள் பார்வையுள்ளவர்களைவிட அதிகச் சொற்களை நினைவில் வைத்திருந்தார்கள். சொல்லை மீட்டெடுக்கும்போது அவர்களின் பார்வைப் பகுதி எவ்வளவு முனைப்பாக இருந்ததோ, அவ்வளவுக்கு நினைவும் நன்றாக இருந்தது. எதையும் தொடவில்லை, கேட்கவில்லை. வெறும் நினைவுக்கே அந்தப் பகுதி உழைத்தது.

சங்கீதப் பாடமும் நம்மிடம் வாய்ப்பாடமாகவே வந்தது. குரு பாட, சிஷ்யர் திருப்பிப் பாட வேண்டும். பார்வையற்ற மாணவருக்கு அங்கே தனி ஏற்பாடு தேவைப்படவில்லை. கற்பிப்பதிலும் அதே நிலைதான்: சரப சாஸ்திரியிடம் கற்றவர் பல்லடம் சஞ்சீவ ராவ், 1882 முதல் 1962 வரை வாழ்ந்தவர். குரு மறைந்த காலத்தில் இந்தியாவில் கிராமபோன் தட்டுப் பதிவு தொடங்கி இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன, அவர் வாசிப்பு நமக்குக் கிடைக்கவில்லை. சஞ்சீவ ராவின் தட்டுகள் இருக்கின்றன. 1930-களில் சிறுவனாக மேடையேறிய டி. ஆர். மகாலிங்கம் விரல் பிடிப்பையும் ஊதும் முறையையும் மாற்றி, வாய்ப்பாட்டின் நெளிவுகளைக் குழலுக்குள் கொண்டுவந்தார். இன்று பெரும்பாலும் காதில் விழுவது அவர் வழி. அவர் பதிவு ஒன்றையும் சஞ்சீவ ராவின் பதிவு ஒன்றையும் ஒரே ராகத்தில் அடுத்தடுத்துக் கேட்டால் பழைய முறை எது என்று தெரியவரும். கண்ணின் துணை இல்லாமல் விரல் கண்டுபிடித்த வாசிப்புக்கு மிக அருகில் நாம் போகக்கூடிய இடம் அதுதான்.