சமையலறை அலமாரிகளுக்கேற்ற மேற்பூச்சுகள்

கூடத்து நாற்காலியில் பல ஆண்டுகள் மெருகு குன்றாமல் விளங்கும் பூச்சு, சமையலறைக் கதவில் சில மாதங்களிலேயே வெளுத்துப் பிசுபிசுத்துப் போவதுண்டு. பூச்சின் தரக்குறைவே இதற்குக் காரணம் என்று கருதுவது பெரும்பாலும் தவறு. நீராவி, சூடு, எண்ணெய்ப் பிசுக்கு, சோப்பின் காரம் ஆகிய நான்கும் ஒருங்கே தாக்குமிடம் சமையலறை.

அரக்கு மெருகு இதற்குத் தக்க சான்று. புரசு, இலந்தை முதலிய மரங்களில் வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசினைத் தூய்மை செய்து, ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப்பந்தால் தேய்ப்பது இம்முறை. இப்பிசினை ஆராய்வதற்கென்றே ராஞ்சியை அடுத்த நாம்குமில் 1924-ஆம் ஆண்டில் ஒரு நிலையம் நிறுவப்பட்டது. மரத்தின் ரேகைகளை இத்துணை அழகுறக் காட்டும் பூச்சு வேறொன்று காண்பதரிது. ஆயினும் ஈரம் தங்கினால் அது வெண்மையாகப் பூக்கும். சுடுபாத்திரம் பட்டால் இளகும். சலவை சோடாக் கரைசலில் கரைந்துவிடும். நாள்தோறும் துடைக்கப்படும் கதவுக்கு அது உகந்ததன்று.

எனாமல் வர்ணம் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று இறுகுவது. விலை குறைவு; தூரிகையால் எவரும் பூசலாம். வெள்ளை எனாமல், வெளிச்சம் புகாத அலமாரியின் உட்புறத்தில் விரைவில் மஞ்சளிக்கும்.

மெலமின், பாலியூரிதேன் ஆகியவை வேறு வகையின. பூசுவதற்கு முன் இவற்றுடன் இறுகுபொருளைக் கலப்பர். மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து வலைபோலாவதால், இறுகிய படலம் ஸ்பிரிட்டில் மீண்டும் கரைவதில்லை. மெலமின் கடினமானது, ஆனால் இறுகும்போது கண்ணை எரிக்கும் ஃபார்மால்டிஹைடு வாயுவை வெளிவிடும். பாலியூரிதேன் விலை மிகுந்தது; கடினத்தோடு நெகிழ்வும் உடையதாதலால் எளிதில் வெடிப்பதில்லை. அதைத் தெளிக்கும் தொழிலாளியின் நுரையீரலுக்கு அதன் ஆவி தீங்கானது. தகுந்த முகக்கவசமும் காற்றோட்டமும் இன்றி அவரைப் பணியில் ஈடுபடுத்தலாகாது.

தச்சர்கள் 'மைக்கா' என்றழைக்கும் தகட்டில் அப்பிரகம் சிறிதுமில்லை. பிசினில் தோய்த்த காகித அடுக்குகளைச் சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கிச் செய்வது அது. சோப்பும் எண்ணெயும் அதன் முகத்தைப் பற்றா. பலகையின் ஒரு பக்கத்தில் மட்டும் ஒட்டினால் பலகை வளையக்கூடும்.

எப்பூச்சாயினும் கேடு தொடங்குமிடம் பெரும்பாலும் பலகையின் விளிம்பே. மரத்தின் நீர்க்குழாய்கள் வெட்டுமுகத்தில் திறந்திருப்பதால் ஈரம் அங்கே விரைந்து ஏறுகிறது. கழுவுதொட்டியின் கீழுள்ள கதவு அடியில் உப்புவது இதனாலேயே. ஆசிரியர்கள் இதனை எளிதில் செய்து காட்டலாம். ஒரே பலகையில் அறுத்த இரு துண்டுகளை எடுத்து, ஒன்றில் முகங்களுக்கு மட்டும், மற்றொன்றில் விளிம்புகளுக்கும் பூச்சிட்டு உலரவிடுக. பின்னர் எடையிட்டு, ஒரு நாள் நீரில் அமிழ்த்தி, துடைத்து மீண்டும் எடையிடுக. முதல் துண்டு குடித்த நீரின் மிகுதி மாணவர்க்கு வியப்பளிக்கும்.

பழைய அலமாரிகளைப் புதுப்பிக்கையில் ஓர் எச்சரிக்கை தேவை. வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாதென 2016-இல் விதி வகுக்கப்பட்டு, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட எனாமலில் ஈயம் மிகுந்திருக்கலாம். அதன் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஆகவே உலர்ந்த நிலையில் உப்புத்தாள் கொண்டு தேய்த்தலும், தீயால் சுட்டு உரித்தலும் கூடா. பாத்திரங்களையும் குழந்தைகளையும் அப்புறப்படுத்தி, நீர் தெளித்து நனைத்தபின் சுரண்டி, விழுந்த தூளை ஈரத்துணியால் ஒற்றியெடுக்க வேண்டும், துடைப்பத்தால் பெருக்கலாகாது.