காட்டு மலர்களுக்கு ஒரு கல்விச்சோலை

நுவரெலியாவிலிருந்து வெலிமடை செல்லும் பாதையில், ஹக்கல மலையின் அடிவாரத்தில் பரந்து கிடக்கும் தாவரவியல் பூங்கா, 1861ஆம் ஆண்டில், மலேரியா சுரத்தைத் தணிக்கும் கொயினா மருந்துக்குரிய சிங்கோனா மரங்களை வளர்த்துப் பார்க்கும் பொருட்டே தோற்றுவிக்கப்பட்டது. 1884இல் அது பூஞ்சோலையாக உருப்பெற்றது. அங்குள்ள ரோஜாக்களைக் கண்டு மகிழும் நம் பிள்ளைகள், தேயிலை மலைகளுக்கிடையே எஞ்சியுள்ள, பத்தனை எனப்படும் மலைப் புல்வெளிகளில் மலரும் சொந்த மண்ணின் புஷ்பங்களையும் பெயர் சொல்லி அறிய வேண்டாமா?

சிங்கள மக்கள் ‘போவிட்டியா’ என்றழைக்கும் ஊதாநிறப் பூவையே எடுத்துக்கொள்வோம். அதன் மஞ்சள்நிற மகரந்தப்பைகள் பெரும்பாலான பூக்களில் போல நெடுக வெடித்துத் திறப்பதில்லை; ஒவ்வொன்றின் நுனியிலும் உள்ள ஒரு சிறு துவாரமே, உப்புக்குப்பியின் துளையைப் போல, உள்ளிருக்கும் பொடிக்கு வாயிலாகிறது. பெரிய கருவண்டொன்று வந்தமர்ந்து, மகரந்தப்பைகளைக் கால்களால் இறுகப் பற்றி, சிறகுகளை விரிக்காமலே பறத்தற்குரிய தசைகளை மாத்திரம் அதிரச் செய்யும்போது, ரீங்காரம் எழ, மகரந்தம் அத்துவாரத்தின் வழியே அதன் உடல்மீது சிதறுகின்றது. பெட்டிகளில் நாம் வளர்க்கும் தேனீக்கு இவ்வித்தை கைவராது. பட்ட மரத்தைக் குடைந்து குடியிருக்கும் அவ்வண்டினத்துக்கோ இது இயல்பு. ஆதலால், சுத்தம் என்று கருதிக் காய்ந்த கிளைகளையெல்லாம் விறகாக்கிவிட்டால், பூ இருந்தும் அதன் துணை இல்லாமற் போகும்.

இத்தகைய உறவுகளைப் புத்தகத்தில் படிப்பதினும் செடியருகே நின்று காண்பதே உத்தமம் என்பதை உணர்ந்த அமெரிக்க ஆசிரியர்கள், 1907ஆம் ஆண்டில் மினியாபொலிஸ் நகரப் பூங்கா அதிகாரிகளிடம் விண்ணப்பித்து, காட்டுச் செடிகளுக்கென ஒரு நிலத்தைப் பெற்றனர். அம்முயற்சியில் முன்னின்ற தாவரவியல் ஆசிரியை எலோயிஸ் பட்லரின் பெயரையே அத்தோட்டம் இன்று தாங்குகின்றது. அத்தோட்டத்துக்கென 1952இல் அமைந்த நண்பர் கழகத்தினர் தம் மனமுவந்த உழைப்பால் அதனைப் பேணத் துணைநிற்கின்றனர்.

நம் மலையகத்திலும் ஆசிரியர்கள் முன்வந்தால் இது அரிய காரியமன்று. பாடசாலையின் ஓரத்தில் சிறிதளவு நிலம் போதும். சனிக்கிழமைகளில் வரும் வாலிபரும், கொழுந்தெடுத்து ஓய்வுபெற்ற தாய்மாரும் களை நீக்கலாம். செடிகளுக்குப் பெயர்ப்பலகையில் தமிழிலும் சிங்களத்திலும் பெயரெழுதலாம். காட்டிலிருந்து செடிகளைப் பெயர்த்து வராமல், பாதையோரத்திலும் தோட்ட எல்லையிலும் முற்றிய விதைகளில் சிலவற்றை மட்டும் சேகரித்து முளைக்கவிட வேண்டும். ஒரு மூலையில் பட்ட மரத்துண்டொன்றைக் கிடத்திவைத்தல் அவசியம். ஆண்டுதோறும் எந்தப் பூ எந்த மாதத்தில் மலர்ந்தது, எவ்வண்டு அதனை நாடிற்று என்று மாணவர் குறித்துவைக்கும் ஏடே நாளடைவில் அம்மலையின் இயற்கைச் சரித்திரமாகிவிடும். அதனை எழுதும் தகுதி அம்மலையிலே பிறந்து வளரும் பிள்ளைகளுக்கன்றி வேறு யாருக்கு உண்டு?