ஒரே வளையத்துக்குள் செம்பும் ஈயமும்
(வேதியியல் தொடர்)

போன வாரம் பார்த்தவை ஓர் உலோகத்தை மட்டும் பிடிக்கும் வளைய மூலக்கூறுகள். ஒரே வளையத்தில் இரண்டு வெவ்வேறு உலோகங்களை உட்காரவைப்பது வேறு வகை வேலை. யார் எங்கே உட்காருவது என்பதில்தான் சிக்கலே.

நம் செல்களில் இருக்கும் சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதியில் செம்பும் துத்தநாகமும் சுமார் 6 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் அமர்ந்திருக்கின்றன. வினையைச் செய்வது செம்பு. அந்த இடத்தின் அமைப்பைக் கட்டிக்காப்பது துத்தநாகம். இப்படியொரு ஜோடியைக் குடுவைக்குள் உருவாக்க முடியுமா?

வழியைத் திறந்தது மெல்போர்ன் பல்கலைக்கழகம். பில்கிங்டனும் ராப்சனும் 1970இல் இரு ஆல்டிஹைடு தொகுதிகள் கொண்ட ஒரு ஃபீனாலையும் டைஅமினோபுரோப்பேனையும் உலோக உப்போடு சேர்த்தார்கள். உலோகம் துண்டுகளைத் தன்னைச் சுற்றி நிறுத்திக்கொள்ள, வளையம் மூடியது. உலோகம் இல்லாவிட்டால் துண்டுகள் கண்டபடி கோத்துக்கொண்டு நீளும். (உலோக-கரிமக் கட்டமைப்புகளுக்காக 2025இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் இதே ராப்சன்.) அந்த வளையம் ஒரு நடுச்சுவரைப் பகிரும் இரட்டை அறை வீடு; ஃபீனால் ஆக்சிஜன்களே அந்தச் சுவர். ஆனால் இரு அறைகளும் ஒரே அளவு. செம்பையும் நிக்கலையும் ஒன்றாகக் கொட்டினால் செம்பு-செம்பு, நிக்கல்-நிக்கல், செம்பு-நிக்கல் மூன்றும் கலந்தே வரும். அதைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் ஒகாவா குழுவினர் இதற்குக் கண்ட தீர்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. முதலில் எத்திலீன்டைஅமினால் ஒரு பக்கத்தை மட்டும் கட்டி, அந்தச் சிறிய அறையில் செம்பை இறுக்கமாக அமர்த்தினார்கள். பிறகு நீளமான டைஅமினையும் ஈய உப்பையும் சேர்த்து மறுபக்கத்தை மூடினார்கள். பெரிய அயனியான ஈயம் பெரிய அறையில் உட்கார்ந்தது. அடுத்து நிக்கல் சல்பேட்டோ கோபால்ட் சல்பேட்டோ சேர்த்தால் போதும். ஈயம் சல்பேட்டோடு கரையாத வெள்ளை வீழ்படிவாக வெளியேறும், காலியான அறையில் புது உலோகம் நுழையும். செம்பு அசையாது. ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ பிளஸ் டூ உப்புப் பகுப்பாய்வு செய்தவர்களுக்கு ஈயத்தைக் காட்டிக்கொடுக்கும் அந்த வெள்ளை வீழ்படிவு நன்றாகத் தெரியும். பள்ளிச் சோதனைக்குழாயில் அடையாளம் காட்டும் வினை, இங்கே மூலக்கூறைக் கட்டும் கருவியாகிறது!

தமிழ்நாட்டில் இந்தத் துறைக்கு முகவரி சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம். கனிம வேதியியல் துறையில் கந்தசாமியின் மாணவர்கள் இரு அறைகளும் சமமில்லாத வளையங்களைத் தொடர்ந்து உருவாக்கி, செம்பு-நிக்கல், செம்பு-துத்தநாக ஜோடிகளை ஆராய்ந்தார்கள்.

இந்தத் தயாரிப்புக்கு மெத்தனால், ரிஃப்ளக்ஸ் அமைப்பு, துல்லியமான தராசு, பொறுமை இவையே முக்கியம். தெற்கத்தி ஊர்க் கல்லூரி ஆய்வகத்திலும் செய்யலாம். இரு வேறு உலோகங்களும் ஒரே வளையத்தில் அமர்ந்துவிட்டன என்று நிரூபிப்பதுதான் கடினம். நிறை நிறமாலைமானியில் மூலக்கூறின் நிறை பொருந்த வேண்டும். காந்தத்தன்மையும் சாட்சி சொல்லும்: ஆக்சிஜன் பாலம் வழியே இரு செம்புகள் பெரும்பாலும் ஒன்றின் காந்தத்தை மற்றொன்று அடக்கிவிடும், செம்புக்குப் பக்கத்தில் துத்தநாகம் இருந்தால் ஒற்றை எலக்ட்ரானுக்குரிய 1.73 போர் மேக்னட்டானுக்கு அருகிலான மதிப்பு அப்படியே கிடைக்கும்.

(தொடரும்)