கிடாரின் நட்டும் சேடிலும்: பொருளால் ஆவது எது, வேலைப்பாட்டால் ஆவது எது

கிடாரின் ஒவ்வொரு கம்பியும் தலைப்பகுதிக்குச் சற்றுக் கீழே ‘நட்’ எனப்படும் சிறிய குறுக்குப்பட்டையில் வெட்டப்பட்ட பள்ளத்தின் வழியே வந்து, மறுமுனையில், வீணையின் குதிரைக்கு ஒப்பான பிரிட்ஜின் மீது அமைந்த ‘சேடில்’ என்னும் மேட்டில் படிகிறது; இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நீளமே அதிர்ந்து ஒலிக்கும் நீளம். இவ்விரு உறுப்புகளும் எலும்பு, பிளாஸ்டிக், பித்தளை, எஃகு, கிராஃபைட் கலந்த செயற்கைப் பொருள் எனப் பலவற்றால் செய்யப்படுகின்றன. பொருளை மாற்றினால் நாதம் மாறுமா, சுருதி நிலைக்குமா என்ற கேள்விக்கு இரண்டு உறுப்புகளுக்கும் ஒரே விடையைச் சொல்ல முடியாது.

விரல் எதையும் அழுத்தாமல் கம்பியை மீட்டும்போது மட்டுமே நட் அதன் ஒரு முனையாக நிற்கிறது. விரல் அழுத்தியவுடன் அந்தப் பொறுப்பு ஃபிரெட் எனப்படும் உலோக மெட்டுக்குப் போய்விடுகிறது. எனவே, 1970-களில் பலர் விரும்பிப் பொருத்திக்கொண்ட பித்தளை நட், திறந்த கம்பிகளின் ஒலியை எவ்வளவு பளிச்சிட வைத்தாலும், அழுத்தி வாசிக்கும் சுரங்களை அநேகமாகத் தொடுவதே இல்லை. நட்டை ஒட்டியே ஒரு மெட்டைப் பதித்து, திறந்த கம்பியும் அதன் மீதே படியுமாறு செய்யும் ‘ஸீரோ ஃபிரெட்’ முறை இந்த வேறுபாட்டையே பெரும்பாலும் நீக்கிவிடுகிறது.

சேடிலோ எந்தச் சுரத்தை வாசித்தாலும் கம்பியின் முனையாகவே இருக்கிறது. மெல்லிய கம்பி தானாகக் காற்றை அசைக்கும் ஆற்றல் மிகக் குறைவு என்பதால், அக்கூஸ்டிக் கிடாரில் அதன் அதிர்வு சேடில் வழியாகப் பிரிட்ஜுக்கும், அங்கிருந்து மேற்பலகைக்கும் சென்ற பிறகே செவிக்குப் போதுமான ஒலியாகிறது. வழியில் இருக்கும் பொருள் மென்மையாக இருந்தால், அடிப்படைச் சுருதியோடு சேர்ந்து ஒலிக்கும் உயர்ந்த மேற்சுரங்களை அது ஓரளவு விழுங்கிவிடுகிறது. மலிவான கிடார்களில் வரும் உள்ளீடற்ற பிளாஸ்டிக் சேடிலின் மந்தமான ஒலிக்கு இதுவே காரணம். விறைப்பான எலும்பு அவற்றைத் தெளிவாகக் கடத்துகிறது. ஆனால் கடினமும் எடையும் கூடக்கூட நாதமும் கூடும் என்று எண்ணிவிடக் கூடாது. மிகக் கனமான முனை அதிர்வைப் பலகைக்குத் தராமல் கம்பிக்கே திருப்பிவிடுவதால், ஒலி நீடித்தாலும் அதன் வலிமை குறையக்கூடும். 1960-களில் கிப்சன் நிறுவனம் தன் அக்கூஸ்டிக் கிடார்கள் பலவற்றில் திருகாணியால் உயரம் மாற்றக்கூடிய பீங்கான் சேடில்களைப் பொருத்தியது. உயரத்தை மாற்றும் வசதி இருந்தும், அவற்றின் உரிமையாளர்களில் பலர் பின்னர் எலும்புக்கு மாறிக்கொண்டனர்.

பழைய கருவிகளில் இடம்பெற்ற யானைத் தந்தத்தின் பன்னாட்டு வணிகத்துக்கு 1989-இல் எடுக்கப்பட்ட முடிவின்படி தடை வந்தது. ஆனால் அதற்கு மாற்றாக நிற்கும் எலும்பும் சீரான பொருளன்று. ஒரே துண்டுக்குள் அடர்த்தி மாறுபடலாம். சேடிலுக்கு அடியில் வைக்கப்படும் பீசோ பிக்கப், அழுத்த மாற்றத்தை மின்குறியாக்கும் கருவி என்பதால், அடிப்புறம் சமமாகப் படியாத சேடிலின் மேல் ஒரு கம்பி உரத்தும் அடுத்தது அடங்கியும் ஒலிக்க நேர்கிறது. அத்தகைய கிடார்களில் சீரான செயற்கைப் பொருளைத் தேர்வது எலும்பைவிடக் குறைந்த தேர்வு அன்று.

சுருதி நிலைப்பைப் பொறுத்தவரை முறை தலைகீழாகிறது. இங்கே நட்டுக்கே முதலிடம். சுரத்தை உயர்த்தக் கம்பியைப் பக்கவாட்டில் இழுக்கும்போது, தலைப்பகுதியிலிருந்து ஒரு சிறு நீளம் நட்டின் பள்ளத்தைக் கடந்து உள்ளே வருகிறது. இழுப்பை விட்டதும் அது முழுவதும் திரும்பிச் சென்றால்தான் பழைய சுருதி கிடைக்கும். பள்ளம் கம்பியைக் கவ்விக்கொண்டால் அது திரும்பாமல் நின்று, சுருதி சற்றுத் தாழ்ந்துவிடுகிறது. டியூனிங் கீயைத் திருப்பும்போது கேட்கும் ‘டிக்’ என்ற ஓசை, கம்பி சிக்கியிருந்து திடீரென நழுவியதன் அடையாளம். வழுக்கும் தன்மையுள்ள பொருள்கள் இந்த உராய்வைக் குறைக்கின்றன. பென்சில் முனையின் கிராஃபைட் தூளைப் பள்ளத்தில் தடவுவதும் எளிய, பயனுள்ள வழியே. உராய்வோடு போராடுவதற்குப் பதிலாக, கம்பியை நட்டிலேயே இறுகப் பூட்டிவிடும் அமைப்புக்கு ஃபிளாய்ட் ரோஸ் என்பவர் 1979-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்.

ஆயினும், எந்தப் பொருளும் தவறான பள்ளத்தைச் சரிசெய்துவிடாது. எலெக்ட்ரிக் கிடாரின் வழக்கமான கம்பித் தொகுதி ஒன்றில் மிக மெல்லிய கம்பி சுமார் 0.25 மில்லிமீட்டரும் மிகத் தடித்தது சுமார் 1.17 மில்லிமீட்டரும் விட்டம் உடையவை. ஒவ்வொன்றுக்கும் பள்ளம் தனித்தனியே அரத்தால் ராவப்பட்டு, கம்பியைவிடச் சிறிதளவே அகன்றும், தலைப்பகுதியை நோக்கிச் சற்றுச் சரிந்தும் இருக்க வேண்டும். மெல்லிய கம்பிகளுக்கு ராவிய பள்ளத்தில் தடித்த தொகுதியை மாட்டினால் கவ்வுதல் உறுதி. பள்ளம் ஆழம் போதாமல் கம்பி உயர்ந்து நின்றால், முதல் மெட்டில் அழுத்தும்போது அது கூடுதலாக நீண்டு சுரம் ஏறிவிடுகிறது. திறந்த கம்பிகள் சுத்தமாகச் சேர்ந்திருந்தும் பல சுரங்களைச் சேர்த்து வாசிக்கும் கார்டுகள் அபஸ்வரமாக ஒலிப்பதற்கு இது ஒரு பொதுவான காரணம்.

சுருதி நிற்கவில்லை என்பவர்கள், விலை உயர்ந்த நட்டை வாங்குவதற்கு முன், புதிய கம்பிகள் நன்றாக நீண்டு படிந்துவிட்டனவா என்று பார்த்துக்கொண்டு, இருக்கும் நட்டின் பள்ளங்களைத் தேர்ந்த பழுதுநீக்குநர் ஒருவரிடம் காட்டிச் சீராக்கிக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிக் சேடிலோடு வந்த அக்கூஸ்டிக் கிடாரின் நாதத்தை உயர்த்த விரும்புவோர், நன்றாகப் பொருந்துமாறு செதுக்கிய எலும்பு சேடிலுக்குச் செலவிடலாம்.