லிங்க் ஆதாரமாகாது

“விளம்பரத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. லிங்க் இன்னும் என்னிடம் இருக்கிறது.”

ஒஸ்லோவில் வாடகை வீடு, பழைய கார், வேலை என்று எந்தத் தகராறு வந்தாலும் நம்மவர்கள் முதலில் சொல்வது இதுதான். அந்த லிங்கை அழுத்திப் பார்த்தால் பக்கம் இருக்காது. இருந்தாலும் அதில் அன்று படித்த வரி இருக்காது. விளம்பரத்தைப் போட்டவரே அதை எடுத்துவிடலாம், திருத்தலாம். அதற்கு உங்கள் அனுமதி தேவையில்லை. லிங்க் என்பது பக்கம் இருக்கும் இடத்தைக் காட்டும் முகவரி மட்டுமே. பக்கம் உங்கள் கையில் இருக்க வேண்டுமானால், அதை நம்பி முடிவெடுக்கும் அன்றே உங்கள் கணினியில் சேமித்துவிட வேண்டும்.

அடிக்கடி காணும் மூன்று சங்கதிகளைச் சொல்கிறேன்.

முதலாவது வாடகை. ஃபின் என்னும் விளம்பரத் தளத்தில் வந்த விளம்பரத்தில் “சலவை இயந்திரம், நிலவறைக் களஞ்சியம், கார் நிறுத்துமிடம் உண்டு” என்றிருந்தது. ஒப்பந்தத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. குடிபோன பிறகு, களஞ்சியம் மேல்மாடிக்காரருக்கு என்கிறார் வீட்டுக்காரர். இங்கே பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள். மூடத் தேவையில்லை. 1999ஆம் ஆண்டின் நோர்வே வாடகைச் சட்டப்படி, வீட்டுக்காரர் சார்பில் விளம்பரத்தில் கொடுத்த தகவலுக்கு வீடு ஒத்துவராவிட்டால் அதைக் குறைபாடாகக் கொள்ளலாம். சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. விளம்பரம்தான் உங்கள் கையில் இல்லை.

இரண்டாவது பழைய கார். “டைமிங் பெல்ட் மாற்றியாயிற்று” என்று விளம்பரத்தில் எழுதி விற்கிறார்கள். கார் விற்ற அன்றே விளம்பரம் போய்விடுகிறது. சில மாதத்தில் இயந்திரம் படுத்துவிடுகிறது. விற்றவரிடம் கேட்டால், “அப்படி நாங்கள் சொல்லவேயில்லை” என்ற பதில்தான் வரும்.

மூன்றாவது சம்பளச் சிட்டை. இன்று அநேக வேலைத்தலங்களில் சிட்டை கடிதமாக வருவதில்லை, ஏதோ ஒரு தளத்துக்குள் கிடக்கிறது. வேலையை விட்டதும் பல இடங்களில் கடவுச்சொல்லையும் நிறுத்திவிடுகிறார்கள். பிறகு குடும்ப இணைவுக்கோ நிரந்தர வதிவிடத்துக்கோ குடிவரவுத் துறையான யு.டி.ஐ. வருமானச் சான்று கேட்கும்போது பழைய முதலாளிக்குப் பின்னால் அலைய வேண்டியதுதான். மாதம் ஒரு சிட்டை, மாதம் ஒரு சேமிப்பு. இதைக்கூடச் செய்யாமல் கடைசி வாரத்தில் ஓடுவதை அதிர்ஷ்டக்கேடு என்று சொல்ல என்னால் முடியாது. அது அக்கறையீனம்.

மக்கள் மீது மட்டும் குற்றம் சொன்னால் நியாயமாகாது. எந்த அரச அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தாலும் “எங்கள் இணையத்தளத்தில் எல்லாம் இருக்கிறது” என்கிறார்கள். அந்தத் தளத்தை அவர்களே மாற்றிக்கொண்டும் இருக்கிறார்கள். சமூக உதவித்தொகைகள் பலவற்றைக் கணக்கிட அடிப்படையாகும் தொகை ஆண்டுதோறும் மே மாதம் மாறும். 124,028 குரோனராக இருந்த அது 2025 மே 1 முதல் 130,160 குரோனர் ஆயிற்று. அதைச் சார்ந்த வரம்புகளும் அதோடு நகர்ந்தன. நீங்கள் விண்ணப்பித்த நாளில் தளம் என்ன சொன்னது என்பதை உங்களுக்காக யாரும் எடுத்து வைக்கப்போவதில்லை.

அரசுத் தளம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றும் எண்ணாதீர்கள். ஐரோப்பிய நாடுகளுக்குப் போய்வந்தவர்களின் உதவித்தொகை குறித்த விதியை, உதவித்தொகைகளை வழங்கும் அரச அமைப்பான நாவ் பல ஆண்டுகள் தவறாக விளங்கிச் செயல்பட்டது 2019 ஒக்ரோபரில் அம்பலமானது. அதற்குள் சிலர் சிறைக்கும் போய்வந்துவிட்டார்கள். அலுவலகம் உங்களுக்குச் சொன்னதை எழுத்தில் வைத்திருங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இனிச் செய்முறை. அவசரப்படாமல் படியுங்கள்.

முதலில் பக்கத்தை முழுதாகத் திறவுங்கள். “மேலும் படிக்க” என்று சுருட்டி வைத்திருக்கும் பகுதிகளை ஒவ்வொன்றாக அழுத்தி விரியுங்கள். விரிக்காத பகுதி பெரும்பாலும் பிடிஎஃப்பில் வராது. முக்கியமான நிபந்தனை அந்த மடிப்புக்குள்தான் இருக்கும்.

அடுத்து கன்ட்ரோல், பி இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். அச்சிடும் பெட்டி வரும். அச்சியந்திரத்துக்குப் பதிலாக ‘பிடிஎஃப் ஆகச் சேமி’ என்பதைத் தெரிவு செய்யுங்கள். அதன் கீழே கூடுதல் அமைப்புகளில், தலைப்பு, அடிக்குறிப்பு என்ற சதுரத்தில் சரி போடுங்கள். அப்போதுதான் ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் பக்கத்தின் முகவரியும் சேமித்த திகதியும் பதியும். இந்தச் சதுரத்தை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். முகவரியும் திகதியும் இல்லாத தாளை எதிர்த்தரப்பு “இது நீங்களே தட்டெழுதியது” என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடும்.

பிறகு கன்ட்ரோல், எஸ். குரோமிலும் எட்ஜிலும் மூன்று வடிவங்கள் காட்டும். ‘ஒற்றைக் கோப்பு’ என்பதை எடுங்கள். ‘முழுப்பக்கம்’ என்பதை எடுத்தால் ஒரு கோப்பும், அதே பெயரில் படங்கள் அடங்கிய ஒரு கோப்புறையும் உண்டாகும். பலர் கோப்பை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுக் கோப்புறையை அழித்துவிடுகிறார்கள். பிறகு திறந்தால் படங்களின் இடத்தில் வெற்றுப் பெட்டிகள்தான் தெரியும்.

விளம்பரத்தில் படங்கள் தள்ளித்தள்ளிப் பார்க்கும் விதமாக இருந்தால் பிடிஎஃப்பில் முதல் படம் மட்டுமே வரக்கூடும். மற்றவற்றைத் தனித்தனியே சேமியுங்கள். குளியலறைச் சுவரில் பூஞ்சணம் முன்பே இருந்ததா என்ற வாதத்தை அவற்றில் ஒரு படம் முடித்துவைக்கலாம். ஃபின் விளம்பரமானால் அதிலுள்ள ஃபின்-கோட் என்ற எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கைத்தொலைபேசியில் எடுக்கும் ஸ்கிரீன்ஷொட்டை வெட்டாதீர்கள். மேலே நேரமும் முகவரிப் பட்டையும் தெரிய வேண்டும். ஐபோனின் சஃபாரியில் ஸ்கிரீன்ஷொட் எடுத்ததும் ‘முழுப்பக்கம்’ என்று காட்டும். அதை அழுத்தினால் பக்கம் முழுவதையும் பிடிஎஃப் ஆகச் சேமிக்கலாம்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டு, மாதம், நாள் என்று தொடங்குங்கள்: 2025-03-14-வாடகை-விளம்பரம். அன்றே உங்கள் மின்னஞ்சலுக்கே அதை அனுப்பிவிடுங்கள். கணினி பழுதானாலும் ஒரு பிரதி மிஞ்சும், அனுப்பிய திகதியும் ஒரு சாட்சியாக நிற்கும்.

யாரும் பார்க்கக்கூடிய பொதுப்பக்கமானால் இன்னொரு படியும் உண்டு. அமெரிக்காவின் இன்டர்நெட் ஆர்க்கைவ் நடத்தும் வேபேக் மெஷினில் முகவரியைக் கொடுத்து அந்தப் பக்கத்தைப் பதியச் சொல்லலாம். மூன்றாம் தரப்பின் திகதி என்பதால் அதற்கு மதிப்பு கூடுதல். ஆனால் எல்லாப் பக்கமும் அதில் பதியாது. நோர்வே தேசிய நூலகமும் இணையப் பக்கங்களைத் திரட்டுகிறது. அது நாட்டின் நினைவுக்காக, உங்கள் வாடகைத் தகராறுக்காக அல்ல. இரண்டையும் நம்பிச் சொந்தப் பிரதியை விட்டுவிடாதீர்கள்.

இங்கே ஒரு கடும் எச்சரிக்கை. பாங்க்-ஐடி என்னும் மின்னணு அடையாளம் போட்டு உள்நுழைந்து பார்க்கும் பக்கங்களில் உங்கள் 11 இலக்கப் பிறப்பெண் இருக்கக்கூடும். அந்தக் கோப்பைப் ‘பிடிஎஃப்பை இலவசமாக மாற்றித்தருகிறோம்’ என்னும் தளங்களில் ஏற்றாதீர்கள். ஒஸ்லோவின் டைக்மன் நூலகக் கணினியில் சேமித்தால் யூ.எஸ்.பி.யில் எடுத்துக்கொண்டு, கணினியில் உள்ளதை அழித்து, வெளியேறிவிட்டு எழும்புங்கள். அடுத்து அந்தக் கதிரையில் இருப்பவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது.

“பக்கத்தைச் சேமிப்பது சட்டமீறலா?” என்று கேட்பவர்களுக்கு: உங்கள் சொந்தத் தேவைக்குப் பிரதி எடுக்க 2018ஆம் ஆண்டின் நோர்வே பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. அதை முகநூலில் போட்டு வீட்டுக்காரரை நாறடிப்பது வேறு விடயம். அதைச் செய்யாதீர்கள்.

எடுத்த பிரதியோடு எங்கே போவது? இதில்தான் பாதிப் பேர் தவறான கதவைத் தட்டிக் களைத்துப்போகிறார்கள்.

எந்தத் தகராறானாலும் முதலில் எதிர்த்தரப்புக்கு எழுத்தில் முறையிடுங்கள். தொலைபேசியில் கத்தியது முறைப்பாடாகாது. மின்னஞ்சலில் எழுதி, சேமித்த பிடிஎஃப்பை இணைத்து, பதில் தர ஒரு திகதியும் குறிப்பிடுங்கள்.

வாடகைப் பிரச்சினைக்கு ஹூஸ்லையெத்விஸ்துத்வல்கெ எனும் வாடகைத் தகராறுக் குழு உண்டு. இணையவழியாகவே முறையிடலாம். அதன் முடிவுக்குத் தீர்ப்புக்குரிய பலம் உண்டு. இணைப்புகளுக்கு எண் போடுங்கள்: இணைப்பு 1 விளம்பரம், இணைப்பு 2 ஒப்பந்தம், இணைப்பு 3 நான் எழுதிய முறைப்பாடு. ஒவ்வொன்றும் எதைக் காட்டுகிறது என்று ஒரு வரி எழுதுங்கள். நாற்பது ஸ்கிரீன்ஷொட்டை ஒழுங்கில்லாமல் கொட்டினால் எந்த அதிகாரியும் பொறுமையாகத் தேடமாட்டார். வீட்டுக்காரருடன் தமிழில் பேசிய வாட்ஸ்அப் செய்திகளானால், முக்கிய வரிகளுக்கு நோர்வேஜிய மொழிபெயர்ப்பைச் சேருங்கள்.

கடையிலோ கார் விற்பனையாளரிடமோ வாங்கிய பொருளுக்கு, ஃபொர்ப்ரூக்கர்தில்சீன எனும் நுகர்வோர் கண்காணிப்பு அமைப்பு சமரசம் பேசும். 2021 முதல் அந்த வேலை அவர்களுடையது. அங்கே தீராவிட்டால் நுகர்வோர் முறைப்பாட்டுக் குழுவுக்குப் போகலாம். கடைக்கு எதிரான முறைப்பாட்டுக்குப் பொதுவாக இரண்டு ஆண்டு, நெடுநாள் உழைக்க வேண்டிய பொருளுக்கு ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் பழுதைக் கண்ட பிறகும் காலம் கடத்தினால் உரிமை போய்விடும். கண்ட நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் எழுதிவிடுங்கள்.

சம்பளப் பாக்கிக்கு ஆர்பைட்ஸ்தில்சீன எனும் தொழில் கண்காணிப்பு அமைப்பிடம் ஓடுகிறார்கள். பாக்கியை வசூலித்துத் தருவது அதன் வேலையல்ல. தொழிற்சங்கத்தில் இருந்தால் சங்கத்திடம் போங்கள். இல்லாவிட்டால் ஃபொர்லிக்ஸ்ரோதெ எனும் இணக்கசபைக்குப் போங்கள். வேலை விளம்பரத்தை விண்ணப்பித்த நாளிலேயே சேமித்திருந்தால், “முழுநேர நிரந்தர வேலை என்று போடவேயில்லை” என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

யு.டி.ஐ. முடிவை எதிர்க்கப் பொதுவாக மூன்று வாரம், நாவ் முடிவை எதிர்க்க ஆறு வாரம். கடிதத்தில் எழுதியிருக்கும் காலக்கெடுவையே கணக்கில் எடுங்கள். உங்கள் கோப்பில் உள்ள ஆவணங்களைப் பார்க்க விண்ணப்பிக்கும் உரிமையும் உண்டு. அதற்கு இன்சீன் என்பார்கள். கேட்டால்தான் தருவார்கள், எனவே கேளுங்கள். எழுதத் தெரியாவிட்டால், ஒஸ்லோப் பல்கலைக்கழகச் சட்ட மாணவர்கள் 1971 முதல் நடத்தும் யுஸ்பஸ் இலவசமாக உதவுகிறது.

நோர்வே நீதிமன்றங்கள் சான்றுகளைச் சுதந்திரமாக எடைபோடும். ஆகவே தாளும் செல்லும், பிடிஎஃப்பும் செல்லும். எடை எவ்வளவு என்பது நீங்கள் எடுத்த விதத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் காணி, வீடு வாங்கி அங்கே வழக்காடுவோருக்கு விதி வேறு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்‌ஷிய சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி, மின்னணுப் பிரதியோடு சான்றிதழும் கேட்பார்கள். எடுத்த கணினி எது, எடுத்தவர் யார், எப்போது என்று இப்போதே குறித்து வையுங்கள்.

கடைசியாக ஒன்று. சேமித்த பக்கம் அன்றைய நிலையைக் காட்டும் சான்று மட்டுமே, இன்றைய விதி அல்ல. சென்ற ஆண்டு சேமித்த யு.டி.ஐ. சரிபார்ப்புப் பட்டியலை இந்த ஆண்டு விண்ணப்பத்துக்கு எடுத்துப்போய்த் திரும்பி வருகிறவர்களும் இருக்கிறார்கள். விண்ணப்பிக்கும் நாளில் புதிய பக்கத்தைப் பாருங்கள், அதையும் சேமியுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், விப்ஸ் செயலியில் காசு அனுப்புமுன், ‘அனுப்பு’ என்ற பொத்தானை அழுத்துமுன் சேமித்தாயிற்றா என்று பாருங்கள். சேமிக்கவில்லையென்றால் கையை எடுங்கள்.